டிக்கெட் வாயிலில் பிறந்த கைப்பேசிப் பர்ஸ்

கைப்பேசியைக் கருவியில் தொட்டுக் கட்டணம் செலுத்தும் முறை முதலில் பெரிய அளவில் வேரூன்றிய நாடு ஜப்பான். அங்கே அதை வளர்த்தது வங்கியோ கடைவீதியோ அல்ல, ரயில் நிலைய வாயில்தான்.

தோக்கியோவின் ரயில் நிலையங்களில் 1990 வாக்கில்கூடப் பல வாயில்களில் ஊழியர்கள் கூண்டுக்குள் நின்று ஒவ்வொரு டிக்கெட்டையும் இடுக்கியால் துளையிட்டு அனுப்பினார்கள். ஒசாகா பக்கத்துக் கித்தா-சென்ரி நிலையத்தில் தானியங்கி வாயில்கள் 1967-லேயே வந்துவிட்டன. தலைநகர வட்டாரத்தின் பழைய தேசிய ரயில்வேத் தடங்களில் அவை பரவலானது 1990-களில்தான். அந்தத் தடங்களை 1987-இல் பெற்ற கிழக்கு ஜப்பான் ரயில்வே நிறுவனம் (ஜேஆர் ஈஸ்ட்) காந்தப் பட்டை டிக்கெட்டுகளைப் படிக்கும் வாயில்களை நிறுவியது. டிக்கெட்டை உள்ளிழுத்து மறுமுனையில் துப்ப அவற்றுக்குள் பட்டைகளும் உருளைகளும் ஓயாமல் சுழன்றன. தேய்மானம் அதிகம், பராமரிப்புச் செலவும் அதிகம். சீசன் டிக்கெட் வைத்திருப்பவரும் ஒவ்வொரு முறையும் அதை உறையிலிருந்து உருவித்தான் நுழைக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக வந்த தொழில்நுட்பம் ரயிலுக்காகப் பிறந்ததல்ல. சரக்குப் பொதிகளைத் தொடாமலே அடையாளம் கண்டு பிரிக்க 1980-களின் இறுதியில் சோனி தொடங்கிய ஆய்விலிருந்து ஃபெலிகா சிப் உருவானது. அதை முதலில் பெரிய அளவில் ஏற்றது ஹாங்காங். 1997 செப்டம்பரில் அங்கே ஆக்டோபஸ் அட்டை புழக்கத்துக்கு வந்தது. மின்கலம் தேவைப்படாத அட்டை அது. படிக்கும் கருவியின் காந்தப்புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும்.

ஜப்பானில் சிக்கல் வேகத்தில் இருந்தது. ஷின்ஜுக்கு போன்ற நிலையத்தை அன்று நாளொன்றுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். காலை நெரிசலில் ஒருவர் வாயிலில் தடுக்கினால் பின்னால் வரிசை கட்டிவிடும். நடையின் வேகம் குறையாமல் நிமிடத்துக்கு 60 பேர் கடக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு அட்டையும் கருவியின் எல்லைக்குள் இருப்பது சுமார் 0.2 விநாடிதான். அதற்குள் அட்டையைச் சரிபார்த்து, ஏறிய நிலையத்தைப் படித்து, கட்டணம் கணக்கிட்டு, மிச்சத்தைத் திரும்ப எழுதியாக வேண்டும். மையக் கணினியைக் கேட்டுவர நேரமில்லை. ஆகவே பணமும் பயண விவரமும் சிப்பிலேயே இருக்க, வாயிலே கணக்கை முடித்தது. மையத்துக்குத் தகவல் பிறகு போனது. கடைக் கல்லாவுக்கு இவ்வளவு அவசரம் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

1990-களின் சோதனைகளில் பயணிகள் அட்டையை வெவ்வேறு விதமாகக் காட்டினார்கள்: சிலர் செங்குத்தாக, சிலர் வெகு உயரத்தில், சிலர் அசைத்தபடி. வடிவமைப்பாளர் ஷுன்ஜி யமனாக்கா படிக்கும் பரப்பைச் சுமார் 13 டிகிரி சாய்த்து, ஒளிரவும் வைத்தார். எவரும் சொல்லித்தராமலே மக்கள் அங்கே தொட்டார்கள். இந்த வரலாற்றில் சிப்பைவிடக் குறைவாகப் பேசப்படும் இந்தச் சாய்வுக்கு உரிய பங்கு பெரிது.

2001 நவம்பர் 18 அன்று தோக்கியோ வட்டாரத்தின் 424 நிலையங்களில் ஃபெலிகா சிப் கொண்ட ஜேஆர் ஈஸ்டின் சுய்க்கா அட்டை அறிமுகமானது. 2004-இல் அதை வைத்துக் கடைகளிலும் பொருள் வாங்க முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் என்டிடி டோக்கோமோ ஃபெலிகா சிப் பதித்த கைப்பேசிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவை மடக்கிப் பேசும் ரகத்துச் சாதாரணக் கைப்பேசிகள்; ஐபோன் வர இன்னும் 3 ஆண்டுகள் இருந்தன. மின்னணுப் பணம், கடைகளின் உறுப்பினர் அட்டை, விமானம் ஏறும் அனுமதி என்று ஒவ்வொன்றாக அந்தச் சிப்புக்குள் புகுந்தன. 2006 ஜனவரியில் சீசன் டிக்கெட்டுடன் சுய்க்காவும் கைப்பேசிக்கு வந்தது. நிலைய இயந்திரத்தின் முன் நிற்காமலே பணம் நிரப்பவும் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கவும் வழி பிறந்தது.

உலகத் தரநிலை மட்டும் வேறு பாதையில் போனது. தொடாமல் படிக்கும் அட்டைகளுக்கான பன்னாட்டுத் தரத்தில் ஏ, பி என்ற இரு வகைகளே இடம்பெற்றன. சோனியின் வகை சேர்க்கப்படவில்லை. ஜேஆர் ஈஸ்டின் தேர்வை எதிர்த்து மோட்டோரோலா 2000-இல் புகார் செய்து பார்த்தது, பலிக்கவில்லை. பிறகு சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய என்எஃப்சி தரத்தின் வழியாக ஃபெலிகா பின்வாசலில் உள்ளே வந்தது. ஆனாலும் 2011-இல் கூகுள் வாலட்டும், 2014 அக்டோபரில் அமெரிக்காவில் ஆப்பிள் பேயும் ஏ, பி வகைகளை நம்பியே தொடங்கின. கடன் அட்டை வலைப்பின்னல்கள் ஏற்கெனவே அவற்றைச் சார்ந்திருந்தன. ஆகவே ஆப்பிள் பேயுடன் வந்த ஐபோனால் ஜப்பானிய வாயிலைத் திறக்க முடியவில்லை.

இந்த மோதலில் இறங்கி வந்தது ஆப்பிள். ஜப்பானில் விற்கும் ஐபோன் 7-இல் ஃபெலிகாவைச் சேர்த்து 2016 அக்டோபர் 25 அன்று சுய்க்காவை ஏற்றது. அடுத்த ஆண்டு மாடல்களிலிருந்து எந்த நாட்டில் வாங்கிய ஐபோனும் ஜப்பானிய வாயிலில் வேலை செய்தது. திரையைத் திறக்காமல், கைரேகை கேட்காமல் தொட்டவுடன் கடக்கும் எக்ஸ்பிரஸ் வசதியும் அந்த 0.2 விநாடிக் கட்டாயத்துக்குப் பணிந்ததே. பின்னாளில் வேறு நாட்டு மெட்ரோக்களிலும் அதே வசதி பரவியது. ஆண்ட்ராய்டில் ஃபெலிகா வசதி பெரும்பாலும் ஜப்பானில் விற்கும் மாடல்களோடு நின்றுவிட்டது.

2013 மார்ச்சில் நாட்டின் 10 வட்டார அட்டைகள் ஒன்றையொன்று ஏற்கத் தொடங்கியிருந்தன. 2023-இல் சிப் தட்டுப்பாட்டால் தோக்கியோவில் பிளாஸ்டிக் அட்டை விற்பனையே பெரும்பாலும் நிறுத்தப்பட்டபோது, கைப்பேசியில் இருந்த அட்டைக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாயிலும் பேருந்துக் கருவியும் தானே கணக்கிடும் ஏற்பாட்டுக்கு விலை உண்டு. அதைப் பயணிகள் குறைந்த வட்டாரங்கள்தான் முதலில் உணர்ந்தன. குமமோட்டோ வட்டாரத்தில் பேருந்தும் ரயிலும் நடத்தும் 5 நிறுவனங்கள், கருவிகளைப் புதுப்பிக்கும் செலவைக் காரணம் காட்டி, 2024 நவம்பரில் நாடளாவிய அட்டைகளைக் கைவிட்டன. உள்ளூர் அட்டை மட்டும் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு கடன் அட்டையைத் தொட்டுக் கட்டணம் செலுத்தும் முறை அங்கே வந்தது. ஷின்ஜுக்கு நெரிசலுக்காகச் செதுக்கிய வேகத்துக்கு அந்தப் பேருந்துகளில் வேலை இல்லை.