88ஆம் நம்பர் ஜான் மேக்கி

இந்த இழை ஒரு விளையாட்டு வீரரைப் பற்றியது. கொஞ்சம் நீளம். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

அமெரிக்காவில் ஒரு திட்டம் இருக்கு. டிமென்ஷியா எனும் மறதி நோய் வந்த முன்னாள் ஃபுட்பால் வீரர்களைக் காப்பகத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வருடத்துக்கு 88,000 டாலர் வரை தந்தார்கள். 2007ல் இது தொடங்கியபோது வைத்த தொகை. 80,000 இல்லை, 90,000 இல்லை. அது என்ன கணக்கு 88,000?

எந்த நிபுணர் குழுவும் போட்ட கணக்கு இல்லை. ஒரு மனிதரின் முதுகில் இருந்த ஜெர்சி நம்பர் 88. அவர்தான் ஜான் மேக்கி.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. நாம கால்பந்து என்று சொல்வது அங்கே சாக்கர். அவர்கள் ஃபுட்பால் என்பது நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, எதிரணி பாய்ந்து கீழே தள்ளுவது. முன்வரிசையில் ஐந்து பேர் மதில் மாதிரி நிற்பார்கள். பெரும்பாலும் அந்த மதிலின் ஓரத்தில் ஒட்டி நிற்பவர் பெயர் டைட் எண்ட்.

இவருக்கு இரட்டை வேலை. சில நேரம் மதிலோடு மதிலாக எதிராளியை முட்டித் தடுக்கணும். சில நேரம் நழுவி ஓடிப் பந்தைப் பிடிக்கணும். பிடித்ததும் நாலு பேர் மேலே வந்து விழுவார்கள். ஆக, இரண்டு வேலையிலும் அடி உண்டு. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

மேக்கி பிறந்தது 1941, நியூயார்க்கில். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே அவருடைய அறைத்தோழர் எர்னி டேவிஸ், ஹைஸ்மன் விருது வாங்கிய முதல் கறுப்பின வீரர். அந்த டேவிஸ் ரத்தப் புற்றுநோயால் 1963 மே மாதம் இறந்துபோனார், 23 வயதில். தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல். அதே வருடம்தான் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் மேக்கி சேர்ந்தார்.

அதுவரை டைட் எண்ட் என்றால் பெரும்பாலும் முட்டுக்கொடுக்கிற ஆள். 1961ல் மைக் டிட்கா வந்து அதைக் கொஞ்சம் மாற்றினார். மேக்கி மிச்சத்தையும் மாற்றினார். ஆறடி இரண்டங்குலம், நூறு கிலோவுக்கு மேல் எடை. ஆனால் ஓடினால் எட்டிப் பிடிக்க முடியாது. முதல் சீசனிலேயே 35 பந்து பிடித்து 726 கஜம், அதாவது ஒரு பந்துக்குச் சராசரியாக 20 கஜத்துக்கு மேல். 1966ல் 9 டச்டவுன், அதில் 6 டச்டவுன் ஐம்பது கஜமோ அதற்கும் மேலோ நீண்டது. அந்த உடம்பை வச்சுக்கிட்டு!

அதே 1966ல் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு எதிராக ஒரு ஓட்டம். வீடியோ இணையத்தில் இருக்கு, தேடிப் பாருங்க. ஒருத்தர் காலைப் பிடிக்கிறார், ஒருத்தர் இடுப்பை, ஒருத்தர் தோளை. எல்லாரையும் உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். நான் முதல் தடவை பார்த்தபோது கை தட்டினேன். அடுத்த தடவை பார்த்தபோது தலையை மட்டும்தான் பார்த்தேன். தொழில் புத்தி, விட முடியலை.

1971 ஜனவரி 17, மியாமி. ஐந்தாவது சூப்பர் பவுல், எதிரே டாலஸ் கவ்பாய்ஸ். ஜானி யூனிடாஸ் எறிந்த பந்து சொந்த அணிக்காரர் கையில் பட்டு எகிறியது. அன்றைய விதிப்படி, ஒரே அணியில் இரண்டு பேர் அடுத்தடுத்துப் பந்தைத் தொட்டால் அது செல்லாது. நடுவில் டாலஸ் வீரர் மெல் ரென்ஃப்ரோவின் விரல் அதில் உரசியிருந்தது. அதனால் செல்லும். பந்து நேராக மேக்கி கையில் வந்து விழ, ஓடினார், 75 கஜ டச்டவுன். கோல்ட்ஸ் 16-13 என்று ஜெயித்தது. அந்த வெற்றிக்குக் கிடைத்த மோதிரம் இந்தக் கதையில் இன்னொரு தடவை வரும்.

மைதானத்துக்கு வெளியே அவர் செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம். 1970ல் இரண்டு லீகுகள் இணைந்தபோது, இணைந்த வீரர்கள் சங்கத்துக்கு முதல் தலைவர் மேக்கி. வந்த உடனே ஓய்வூதியம் கேட்டு வேலைநிறுத்தம். சில நாளிலேயே லீக் இறங்கி வந்தது.

அடுத்தது ரோசெல் விதி. ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்து அவர் வேறு அணிக்குப் போனால், பழைய அணிக்குப் புது அணி ஈடு கொடுக்கணும். எவ்வளவு, யாரை என்பதைத் தீர்மானிப்பவர் லீகின் ஆணையர் பீட் ரோசெல். எவ்வளவு கேட்பார் என்றே தெரியாத நிலையில் யார் துணிந்து ஆள் எடுப்பார்கள்? ஒப்பந்தம் முடிந்தும் வீரர் கட்டிப்போட்ட மாடுதான். மேக்கியும் சக வீரர்களும் வழக்குப் போட்டார்கள். 1976ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு இது: மேக்கி எதிர் என்எஃப்எல்.

அதில் மேக்கிக்கு என்ன கிடைத்தது? அவர் ஆட்டம் 1972லேயே சான் டியேகோவில் முடிந்துவிட்டது. வீரர்கள் உண்மையாகவே சுதந்திரமாக அணி மாறும் ஏற்பாடு 1993ல்தான் வந்தது. இன்று கோடிக்கணக்கில் வாங்குகிற பையன்கள் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியுமோ. புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்ததுகூட 1992ல், அதற்கான தகுதிக்காலத்தின் கடைசி வருடத்தில். சங்கத்தில் இருந்ததற்கான தண்டனை அது என்று பலர் நம்புகிறார்கள். நானும்தான்.

இனி என் ஏரியா.

ஐம்பதுகளின் கடைசியில் மேக்கி மாற ஆரம்பித்தார். வந்தது ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா. மறதி நோய் என்றாலே சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதுதான் நம் நினைவுக்கு வரும். இது அப்படி இல்லை. மூளையின் முன்பகுதி முதலில் தேயும். ஆரம்பத்தில் ஞாபகம் ஓரளவு நல்லாவே இருக்கும், குணம் மாறிடும். சாந்தமானவர் சந்தேகப்படுவார், கோபப்படுவார், பிடிச்ச பிடியை விடமாட்டார். நம்ம ஓபியிலும் இப்படி வருவாங்க. "அப்பா முன்ன மாதிரி இல்ல சார், திமிர் பண்றாரு" என்றுதான் பிள்ளைகள் சொல்வாங்க. அது திமிர் இல்லைன்னு புரியவைக்கிறதே பெரிய வேலை.

ஒருமுறை விமான நிலையச் சோதனையில் அந்த சூப்பர் பவுல் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். மேக்கி மறுத்தார். தன் மோதிரத்தை யாரோ பிடுங்குகிறார்கள் என்பது மட்டும்தான் அந்த மூளைக்குப் புரிந்திருக்கும். மீறி நடந்தவரைக் காவலர்கள் மடக்கித் தரையில் தள்ளினார்கள்.

அவர் மனைவி சில்வியா. இளமையில் மாடலாக இருந்தவர். 56 வயதில் ஒரு விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தார். எதுக்குன்னு நினைக்கிறீங்க? மருத்துவக் காப்பீட்டுக்கு. யாருடைய ஓய்வூதியத்துக்காகவெல்லாம் மேக்கி போராடினாரோ, அவருடைய சொந்த ஓய்வூதியம் மாதம் 2,500 டாலரைத் தொடவில்லை. ஆட்டத்துக்கும் இந்த நோய்க்கும் நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் அன்றைய லீகின் பதில்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு குழு இருந்தது. தலைக்காயம் பற்றி ஆராய 1994ல் லீக் அமைத்தது. அதன் தலைவர் எலியட் பெல்மன், மூட்டுவாத மருத்துவர். மூளைக்கு மூட்டு டாக்டர்! 2002ல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்ற வீரரின் மூளையில் பென்னட் ஒமாலு என்ற நோயியல் மருத்துவர் டௌ புரதப் படிவுகளைக் கண்டு 2005ல் கட்டுரை எழுதினார். அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள் இந்தக் குழுவினர். இத்தனைக்கும் குத்துச்சண்டை வீரர்களிடம் இந்தப் பாதிப்பை 1928லேயே மார்ட்லண்ட் என்ற மருத்துவர் விவரித்திருந்தார். தொடர்பு உண்டு என்று லீகின் உயரதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டது 2016ல்.

ஒரு எச்சரிக்கை. 2017ல் வந்த ஆய்வில் 111 முன்னாள் என்எஃப்எல் வீரர்களின் மூளையில் 110ல் சி.டி.இ. இருந்தது என்று படித்திருப்பீங்க. அதை வைத்து 99 சதவீதம் வீரர்களுக்கும் இது வரும்னு சொல்லக்கூடாது. ஏற்கெனவே மாற்றத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்ட குடும்பங்கள்தானே பெரும்பாலும் மூளையைத் தானம் கொடுக்கும்? அதேபோல, ஒரே ஒரு தடவை தலை இடித்ததற்குப் பயப்படாதீங்க. இது வருடக்கணக்கில், ஆயிரக்கணக்கில் விழும் அடிகளின் கதை. மயக்கம்கூட வராத சின்னச் சின்ன அடிகளும் கணக்கில் சேரும். டைட் எண்டின் இரட்டை வேலையை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அதுக்குத்தான்.

சில்வியா சும்மா இருக்கவில்லை. 2006ல் லீகின் அன்றைய ஆணையர் பால் டாக்லியபூவுக்குக் கடிதம் எழுதினார். தன் கணவர் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார், பார்த்துக்கொள்ள என்ன செலவாகிறது என்று. அதிலிருந்து லீகும் சங்கமும் சேர்ந்து உருவாக்கியதுதான் 88 திட்டம். காப்பகத்தில் இருந்தால் வருடத்துக்கு 88,000, வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் 50,000 டாலர் வரை. பிறகு ஏ.எல்.எஸ்., பார்கின்சன் நோய்களுக்கும் விரிந்தது. ஆனால் பணத்தைக் கொடுத்தார்களே தவிர, ஆட்டத்தால்தான் நோய் வந்தது என்று அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

2011 ஜூலை 6ல், 69 வயதில் மேக்கி இறந்தார். சி.டி.இ.யை உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய வழியில்லை. உயிரோடு இருக்கும்போது நாங்கள் எழுதுவது அறிகுறிகளுக்கு ஒரு பெயர், உள்ளே என்ன என்பதை மைக்ரோஸ்கோப்தான் சொல்லணும். குடும்பத்தார் அவர் மூளையை பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். சி.டி.இ. இருந்தது.