மலையில் வாங்கும் ஆர்க்கிட்... வளர்த்ததா, காட்டில் பறித்ததா?

ஏற்காடு, கொடைக்கானல் என்று டூர் போய்த் திரும்பும்போது ஒரு செடியையும் கையோடு வாங்கி வருவது நம்மில் பலருக்குப் பழக்கம். அதிலும், நர்சரி விலையைவிடக் குறைவாக ரோட்டோரத்தில் ஆர்க்கிட் கிடைத்தால் விடுவோமா என்ன? ஆனால், அது காட்டு மரத்திலிருந்து உரித்து எடுத்ததாக இருக்கலாம். வளர்த்த செலவே இல்லாததால்தான் அந்த விலை!

ஒரு செடியை எடுத்தால் என்ன ஆகிவிடும்?

அகத்தியமலையில் நடந்ததைப் பார்த்தால் புரியும். தமிழகமும் கேரளமும் சேரும் அந்த மலைப்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்வது ‘பாஃபியோபெடிலம் ட்ரூரி’ என்ற ஆர்க்கிட். மஞ்சள் இதழ், நடுவில் பழுப்புக் கோடு, செருப்பின் முனைபோல ஒரு பை. அதனால் இந்த வகைக்கு ‘லேடீஸ் ஸ்லிப்பர்’ என்று பெயர். 1865-ல் கர்னல் ட்ரூரி இதைக் கண்டறிந்த பிறகு, ஆர்க்கிட் பிரியர்களுக்காக இதைத் தேடித் தேடிப் பறித்தார்கள். நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் போய், 1970-களில்தான் மறுபடி தென்பட்டது. இன்றும் மிக அபாய நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது.

பறித்தால் திரும்ப முளைக்காதா? அவ்வளவு சுலபமில்லை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். அதற்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் காட்டில் முளைக்கும். பிறகு பூக்கப் பல வருஷங்கள் ஆகும். பூத்த செடியைப் பிடுங்கினால், அது தரவேண்டிய விதைகளும் சேர்ந்தே போய்விடுகின்றன.

வாங்கினாலும் குற்றம்

லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட்கள், நீல வாண்டா, சிவப்பு வாண்டா, பூச்சியைப் பிடிக்கும் குடுவைச் செடி, திருப்பதி - கடப்பா மலைகளில் வளரும் பெடோம் சைகஸ் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. காட்டில் இவற்றைப் பறிப்பது மட்டுமல்ல, லைசென்ஸ் இல்லாதவரிடம் வாங்குவதும் தவறு. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பழங்குடி மக்கள் தங்கள் மாவட்டத்துக்குள் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ள விலக்கு உண்டு, விற்பனைக்கு அல்ல. பட்டியலில் இல்லாத செடியென்றாலும், காப்புக்காட்டிலிருந்து எடுத்தால் வனச் சட்டம் பாயும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* வேரில் மரப்பட்டை, பாசி ஒட்டியிருக்கும். வேர்கள் பிய்ந்திருக்கும்.
* இலைகளில் பூச்சி கடித்த ஓட்டை, பழைய தழும்புகள் தெரியும்.
* ஒரே வகைச் செடிகள் ஆளுக்கொரு சைஸில், தொட்டி இல்லாமல் சாக்கில் கட்டாகக் கிடக்கும்.
* நர்சரி செடி பெரும்பாலும் ஒரே அளவில், கரித்துண்டோ தேங்காய் மட்டைத் துண்டோ போட்ட சின்னத் தொட்டியில் வேர் பிடித்து இருக்கும்.

சந்தேகமாக இருந்தால், “இதை எங்கே வளர்த்தீங்க? பில் தருவீங்களா?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்க வேண்டாம். குளிர்ந்த மலைக்காட்டில் பழகிய செடி, சென்னை பால்கனி வெயிலில் பெரும்பாலும் தாங்காது என்பதையும் யோசியுங்கள்.

அப்போ ஆர்க்கிட் ஆசை?

தாராளமாக வளர்க்கலாம். டெண்ட்ரோபியம், ஃபலனாப்சிஸ் கலப்பினங்கள் திசு வளர்ப்பு முறையில் ஏராளமாக உற்பத்தியாகின்றன. நம் ஊர் வெப்பத்துக்கு டெண்ட்ரோபியம் நன்றாகவே ஒத்துப்போகும். காட்டு ஆர்க்கிட்களைப் பார்க்க விரும்பினால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

ஏற்கெனவே காட்டுச்செடி வாங்கியவர்கள், அதை நீங்களே கொண்டுபோய்க் காட்டில் நட்டுவிடாதீர்கள். வீட்டுச்செடியின் நோய் அங்கே பரவக்கூடும். பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.