திரும்பி வரும் ரத்தம்

சென்ற கோடையில் ஒரு மாலை, ட்ருகனினாவில் எங்கள் தெருவுக்கே மின்சாரம் போனது. நான் எழுந்துபோய் ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைத்தேன். இங்கே பிறந்த மகள், "கரண்ட்தான் போயிடுச்சே, எதுக்குப்பா ஆஃப் பண்றீங்க?" என்று கேட்டாள். எனக்கு அது திருநெல்வேலியில் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். "ஏல, போகும்போது ஒண்ணும் ஆகாது. திரும்பி வரும்போதுதான் கருகிரும்" என்பார்.

அப்பா நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து, இரவெல்லாம் ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுக் காலையில்தான் மருத்துவமனைக்குப் போனார். ஸ்டென்ட் வைத்தார்கள். "அடைப்பு நீங்கிட்டு, ரத்தம் நல்லா ஓடுது" என்று அண்ணன் போனில் சொன்னார். ஆனால் இதயத் தசை தேறவில்லை. பத்தாம் மாதம் அப்பா போய்விட்டார். குழாய் திறந்த பிறகும் ஏன் இப்படி என்ற கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதன் பின்னால் போனபோது கிடைத்ததுதான் இந்த வரலாறு.

1960-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஜென்னிங்ஸ் குழுவினர் நாயின் இதயத் தமனியைச் சிறிது நேரம் கட்டிவைத்து, பிறகு அவிழ்த்துப் பார்த்தார்கள். 24 மணி நேரம் அடைபட்டே கிடந்த தசையில் காணும் சிதைவு, ரத்தம் திரும்பிய தசையில் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்தது. உயிர் தர வந்த ரத்தமே காயமும் செய்தது.

காரணம் பின்னால் தெளிவானது. ஆக்சிஜன் இல்லாத செல்லில் அமிலம் சேர்கிறது. ரத்தம் திரும்பியதும் செல் அந்த அமிலத்தை அவசரமாக வெளியே தள்ளி, பதிலுக்குச் சோடியத்தை உள்ளே இழுக்கிறது. சோடியத்தை வெளியேற்றப்போய்க் கால்சியம் வந்து நிறைகிறது. அதே நிமிடங்களில், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா கட்டுக்கடங்காத வேதிப்பொருள்களைக் கக்கிக் கிழிந்துபோகிறது.

1986-இல் ஜென்னிங்ஸ், மரி, ரைமர் மூவரும் இன்னொரு வியப்பைக் கண்டார்கள். தமனியை நான்கு முறை, ஐந்தைந்து நிமிடம் மூடித் திறந்தார்கள். அதன் பிறகு 40 நிமிடம் அடைத்தபோது, பழக்கப்படாத இதயத்தில் இறந்த தசையில் கால்பங்குதான் இதில் இறந்தது. சிறு பட்டினிகள் பெரும் பட்டினிக்குத் தசையைத் தயார் செய்திருந்தன.

இந்த அறிவு மனித இதயத்தில் பயன்பட்ட ஊர்களில் ஒன்று சிட்னி. இதயத்தை எடுத்துச் செல்வது என்றதும் நமக்கு 2008-இல் சென்னைச் சாலைகளை நிறுத்திவைத்து, 11 நிமிடத்தில் கொண்டுபோன ஹிதேந்திரனின் இதயம் நினைவுக்கு வரும். அப்படி மூளைச்சாவு அடைந்தவரின் இதயம், எடுக்கும்வரை துடித்துக்கொண்டிருக்கும். எடுத்ததும் பனிக்கட்டியில் வைத்து விரைவார்கள். தானாக நின்றுவிட்ட இதயத்தை அந்த வழியில் எடுத்துச் செல்ல அப்போது பொதுவாகத் துணிந்ததில்லை.

2014-இல் சிட்னி செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் பீட்டர் மெக்டொனால்டும் அறுவை நிபுணர் குமுத் திதாலும் அதைச் செய்தார்கள். விக்டர் சாங் ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து 12 ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய பாதுகாப்புக் கரைசலை, நின்ற இதயத்துக்குள் முதலில் செலுத்தினார்கள். அதில் சேர்ந்த ஒரு மருந்து எரித்ரோபொய்ட்டின். இன்னொன்று நைட்ரோகிளிசரின், நம் பெரியவர்கள் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைகளின் குடும்பம். பிறகு இதயத்தை ஒரு பெட்டியில் இணைத்து, வெதுவெதுப்பான ரத்தம் பாய்ச்சினார்கள். அது மீண்டும் துடித்தது. அப்படி மூன்று பேருக்கு நடந்த மாற்றுச் சிகிச்சை, 2015-இல் லான்செட் இதழில் வெளியானது.

அப்படியானால் மாரடைப்பு வந்தவருக்கும் இதைச் செய்யலாமே? முயன்றார்கள். சைக்ளோஸ்போரின் மருந்து 2015-இல் பலன் தரவில்லை. ரத்த அழுத்தப் பட்டையால் கையை இறுக்கித் தளர்த்தி, தூரத்திலிருந்தே இதயத்தைத் தயார் செய்யும் முறை 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதிக்கப்பட்டது. 2019-இல் வந்த முடிவும் ஏமாற்றமே. உடலைவிட்டு எடுத்த இதயத்தில், ரத்தம் வருமுன் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யலாம். அவசரப் பிரிவில் கிடக்கும் மனிதரிடம் அந்த அவகாசம் இல்லை. அவரது இதயம் ஏற்கெனவே பல மணி நேரம் பசித்திருக்கும்.

அதனால் அடைப்பைத் திறக்கத் தயங்கலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். திறக்காவிட்டால் இழப்பு அதைவிடப் பெரிது. எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். அப்பாவின் இதயத்தில் ஓமத்தண்ணீர் இரவு எடுத்துக்கொண்டது எவ்வளவு, காலையில் திரும்பிய ரத்தம் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டில் ஒன்று நம் கையில் இருந்தது. நெஞ்சு கனத்தால் ஊரில் 108, இங்கே 000. ஊரிலிருக்கும் பெற்றோருடன் போனில் பேசும்போது, சாப்பாட்டை விசாரித்த கையோடு இதையும் சொல்லிவையுங்கள்.

அன்று ஒரு மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. இங்குள்ள மின்கருவிகளுக்கு என் பயம் தேவையில்லைதான். இருந்தாலும் ஐந்து நிமிடம் கழித்து, மகளே போய்ச் சுவிட்சைப் போட்டாள்.