பொழுதுபடமுன்: திருகோணமலையில் நாங்கள் போய்வந்த இடங்கள்

"எங்கே போறாய், யாரோடு போறாய், பொழுதுபடமுன் வந்திட வேணும்." திருகோணமலையில் வளர்ந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் கேட்ட வார்த்தைகள் இவை. 1950களில் படித்த எங்கள் மூத்த சகோதரிகளும் கேட்டார்கள்; 1990களில் படித்தவர்களும் கேட்டார்கள். சொன்ன காரணம்தான் வேறு.

எமது கல்லூரியின் கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களின் பணியைப் பற்றியும் எழுதத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது சிறிய விடயம். இந்த ஊரில் ஒரு குடும்பம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காசு செலவில்லாமல் எங்கே போகலாம், என்ன பார்க்கலாம், அந்த இடங்கள் எப்போது மூடின, எப்போது திறந்தன என்பதே அது. இதை யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை. ஊரை விட்டுப் போன சகோதரிகள் தொலைபேசியில் முதலில் கேட்பது மட்டும் எப்போதும் இதைத்தான்: "இப்ப கடற்கரைக்குப் போகலாமோ?"

1923ஆம் ஆண்டு தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் இந்துப் பெண்பிள்ளைகளுக்கென்று இப்பாடசாலையைத் தொடங்கினார். அந்நாளில் வயதுக்கு வந்த பிள்ளை கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் போவது அரிது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் புத்தகத்தோடு தெருவில் நடக்க ஒரு நியாயம் கிடைத்தது. படிப்புக்கு அடுத்தபடியாக அம்மையார் எமக்குச் செய்த பெரிய உபகாரம் இது என்று நினைக்கிறோம். எங்களுக்குள் சிலர் இதைத்தான் முதலாவதாக வைப்பார்கள்.

ஊரின் அமைப்பை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறோம். நகரம் இரண்டு தண்ணீருக்கு நடுவே கிடக்கிறது. ஒரு பக்கம் உலகமே பேசும் இயற்கைத் துறைமுகம். மறுபக்கம் திறந்த கடல். துறைமுகத்தின் அழகான பகுதிகளெல்லாம் பிரித்தானியக் கடற்படையின் வேலிக்குள் இருந்தன. அப்பா 'டொக்யாட்'டில் வேலை செய்வார். அம்மாவும் பிள்ளைகளும் அந்த வாசலோடு நின்றுவிட வேண்டும். துறைமுக நகரத்தில் பிறந்தும் துறைமுகத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே குடும்பங்கள் மறுபக்கம் திரும்பின. டச்பே கடற்கரை, முற்றவெளி, பத்திரகாளி அம்பாள் கோயில், கோட்டைக்குள்ளே கோணேசர் மலை, இவ்வளவும் நடந்து போகிற தூரம்.

துறைமுகம் இருந்ததால்தான் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் வந்தன. சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாட்களே இருந்தன. புதுச்சட்டை தைத்து வைத்திருந்த வீடுகள் பூட்டிக் கிடந்தன. சனம் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் உள்ளூர்களுக்குப் போனது. அந்த வருடம் கைவிசேஷம் வாங்காதவர்கள் எங்கள் அம்மம்மாமார். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துவிட்டுப் போனார்கள். நாடு மகிழ்ந்தது. இவ்வூரில் டொக்யாட்டை நம்பியிருந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அது வேலை போன வருடமும்கூட.

மலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலும் கோட்டை கட்டினார்கள் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரியும். கோயில் இல்லாத காலத்திலும் மக்கள் மலை முனைக்குப் போய்ப் பூவும் பழமும் கடலில் இட்டுக் கும்பிட்டார்கள். 1950இல் நகரசபை கிணறு தோண்டியபோது பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. 1963இல் மலையில் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. மூன்று நூற்றாண்டுக்கு மேலாகக் கோயில் இல்லாத மலைக்குக் கோயில் வந்ததை எங்கள் மூத்த சகோதரிகள் கண்ணால் கண்டார்கள். அதன்பின் வெள்ளிக்கிழமை மாலை என்றால் மலைதான். கோட்டை வாசலைத் தாண்டி மர நிழலில் மான்களைப் பார்த்துக்கொண்டு ஏறி, இராவணன் வெட்டில் எட்டிப் பார்த்து, "கிட்டப் போகாதே" என்று ஏச்சு வாங்கி, இறங்கி வரும்போது கச்சான் கொட்டை. பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் வீட்டார் முன்னிலையிலேயே கண்டு கதைக்கும் இடமும் அதுதான். கல்யாணப் பேச்சுகள் எத்தனையோ அந்த ஏற்றத்தில் தொடங்கின என்று சொன்னால் சிலர் சிரிப்பீர்கள். சிலர் சிரிக்காமல் கணவரைப் பார்ப்பீர்கள்.

மலைக்கு நாங்கள் போனோம். சிவராத்திரியை அடுத்த நாட்களில் கோணேசர் எங்களிடம் வந்தார். நகர்வலம் எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. படலையில் நிறைகுடம் வைத்து, கோலம் போட்டு, விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டு நள்ளிரவிலும் காத்திருப்போம். பொழுதுபடமுன் என்ற சட்டம் தானாகவே தள்ளுபடியாகும் இரவுகள் அவை.

இன்னொன்று நவராத்திரி. பாடசாலையில் சரஸ்வதி பூசை, ஏடு தொடக்குதல், நாடகம், வீணை என்று ஒரு பக்கம். ஊருக்குள் கும்பத்துமால் மறுபக்கம். இது திருகோணமலைக்கே உரியது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து படித்த பிள்ளைகளுக்கு நாங்கள்தான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. கோயிலுக்குள் இல்லாமல் ஒவ்வொரு பகுதியிலும் பந்தல் போட்டுக் கும்பம் வைத்துப் பூசை நடக்கும். கடைசி இரவில் அலங்கரித்த கும்பங்களைத் தூக்கிக்கொண்டு உடுக்கும் பறையும் முழங்க வீதி வலம் வருவார்கள். எந்தப் பகுதிக் கும்பம் பெரிது என்று ஒரு மாதம் பேச்சு நடக்கும். தூக்கியது எல்லாம் அண்ணன்மார். நாங்கள் படலைக்குள் நின்று பார்த்தவர்கள். அவல், கடலை, பிரசாதம் என்று பத்து நாள் வேலை எங்கள் கையில்தான் இருந்தது என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறோம். பொழுதுபட்ட பிறகு தாயோடும் சித்தியோடும் மால் மாலாகப் போய்க் கும்பிட்டு வந்தது போல் சுதந்திரமான நடை எங்களுக்கு வேறில்லை.

கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் இருந்து வந்த சகோதரிகளின் கணக்கு வேறு. மூதூரில் இருந்து லோஞ்சில் வர ஒரு மணித்தியாலம் போகும். தரைவழி என்றால் கிண்ணியாப் பக்கத்தில் 'பாதை' ஏற வேண்டும். எங்கள் ஊரில் பாதை என்றால் வழியல்ல, ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை. பரிசளிப்பு விழா என்றாலும் விளையாட்டுப் போட்டி என்றாலும் கடைசி லோஞ்சின் நேரத்தைப் பார்த்தே அந்தத் தாய்மார் எழுந்து போனார்கள். மகள் மேடை ஏறும் முன்னே போக வேண்டி வந்தவர்களும் உண்டு. ஊர் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது இது மறந்துபோகிறது: நிகழ்ச்சி இருந்தால் போதாது, வீட்டுக்குத் திரும்ப வழியும் இருக்க வேண்டும்.

1983 ஜூலைக்குப் பிறகு ஊர் சுருங்கியது. நீட்டி எழுத எங்களுக்கு மனமில்லை. ஊரடங்கு எத்தனை மணிக்கு என்பதுதான் குடும்பத்தின் மணிக்கூடு. மலைக்குப் போக அடையாள அட்டை, பை சோதனை. பல நாட்கள் போகவே முடியவில்லை. மான்களுக்கு மட்டும் யாரும் அட்டை கேட்கவில்லை. திருவிழாக்கள் நின்றுவிடவில்லை, ஆனால் வெளிச்சத்திலேயே முடிந்தன. அந்த வருடங்களில் பாடசாலை மட்டுமே பல பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வெளியே இருந்த ஒரே இடம். அதனால்தானோ என்னவோ, அக்காலத்து மாணவிகள் பாடசாலைக் கலைவிழாக்களை மற்றவர்களைவிட அதிகமாக நினைவு வைத்திருக்கிறார்கள்.

போர்நிறுத்தக் காலத்தில் கடற்கரை திரும்பக் கிடைத்தது. பிறகு 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். ஆழிப்பேரலை திறந்த கடல் பக்கத்தைத் தாக்கியது. கிண்ணியாவில் வைத்தியசாலையே அழிந்தது. மாதக்கணக்கில் பிள்ளைகள் கடலைப் பார்க்க மறுத்தார்கள். பழையபடி மணலில் கால் வைக்கத் தொடங்கிய வேளையில், 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அண்மையில் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பரீட்சை முடித்து, மேற்படிப்பை எதிர்பார்த்திருந்த பிள்ளைகள். தம்பி, மைத்துனன், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று எங்களில் பலருக்குத் தெரிந்தவர்கள். அதே வருடம் ஏப்ரல் 12இல் சந்தையில் குண்டு வெடித்தது, கடைகள் எரிந்தன. மறுபடியும் வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னதாக. 1942ஐப் பற்றிச் சொல்லித் தந்த அம்மம்மாமார் ஒரு சிலர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். அதன்பின் வெகுகாலம் அந்தக் கடற்கரையில் குடும்பமாக யாரும் உட்காரவில்லை.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. பின்னர் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் வந்தன. மூதூர்த் தாய்மார் இப்போது விழா முடியும்வரை இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அல்ல. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலம் கட்டி முடியாத குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து, பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் இறந்தார்கள்.

இன்றைய நிலையைக் கேட்கும் சகோதரிகளுக்கு: மலைக்குப் போகலாம், கூட்டம் அதிகம், வெள்ளிக்கிழமை நேரத்தோடு போங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கிணற்றிலும் சூடு வேறுபடுவதைக் காட்டுங்கள். புறாமலைக்கு நிலாவெளியில் இருந்து படகு உண்டு, வாடைக் காலத்தில் கேட்டுவிட்டுப் போகவும். கும்பத்துமால் பார்க்க வேண்டுமென்றால் புரட்டாசியில் வர வேண்டும். வெளிநாட்டு விடுமுறை ஆடி ஆவணியில் விழுவதால் உங்கள் பிள்ளைகளில் அநேகர் அதைக் கண்டதில்லை. ஒரு வருடமாவது பாடசாலை லீவு பார்க்காமல் கூட்டி வாருங்கள். இரண்டு கிழமைப் பாடத்தைப் பிறகு படிக்கலாம்.

சங்கத்திடம் இருக்கும் நிழற்படங்கள் அநேகம் பரிசளிப்பு விழாக்களில் வரிசையாக நின்று எடுத்தவை. ஊருக்குள் எடுத்த படங்கள் 1983இலும் 2006இலும் வீடுகளோடு எரிந்தன, அலையில் போயின, இடம்பெயர்ந்தபோது விடுபட்டன. உங்கள் வீட்டுப் பெட்டியில் மலையேற்றத்திலோ லோஞ்சிலோ கும்பத்துமாலுக்கு முன்னாலோ எடுத்த படம் ஒன்றாவது இருந்தால் பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். படத்தின் பின்புறம் யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதிவிடுங்கள். சீலையின் நிறத்தையும் எழுதினால் நல்லது, கறுப்பு வெள்ளையில் அது தெரிவதில்லை.