வேட்டைத் துப்பாக்கியின் விசையும் துப்பாக்கிக் கம்மியரும்

விசைத் திருத்தம் என்பது துப்பாக்கியின் விசை (ட்ரிகர்) குறைந்த விரல் அழுத்தத்தில், தடங்கலின்றி இயங்கும்படி சீரமைக்கும் கைவினை. அமெரிக்காவில் நெடுங்காலம் இது உள்ளூர்த் துப்பாக்கிக் கம்மியர்களின் கையில் இருந்தது. குறி தவறாமைக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான இழுபறியே இதன் வரலாறு.

இயங்கும் முறை

சுருள்வில் முன்தள்ளும் அடியூசியை ஒரு சிறு எஃகுப் பல் தடுத்து நிறுத்தியிருக்கும். விசையை இழுத்தால் பல் விலகும்; ஊசி பாய்ந்து தோட்டாவை வெடிக்கச் செய்யும். பல் ஆழமாகவோ கரடுமுரடாகவோ பற்றியிருந்தால் விரல் பலமாக இழுக்க வேண்டும். அப்போது குழல் அசைந்து குறி விலகும். விலங்கு சாகாமல் காயத்துடன் ஓடிவிடும்.

வரலாறு

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கம்மியர்கள் செய்த நீள்குழல் துப்பாக்கிகள் சிலவற்றில் இரட்டை விசை இருந்தது. பின்விசையை இழுத்து வைத்தபின், முன்விசையை மெல்லத் தொட்டாலே போதும்.

1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்க வேட்டைப் பயணத்துக்கு, வேட்டைக்கேற்ப மாற்றிய ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கியைக் கொண்டு சென்றார். உலகப் போர்களுக்குப் பின் ஸ்பிரிங்ஃபீல்டு, மாஸர் துப்பாக்கிகள் பலவும் இவ்வாறு மாற்றப்பட்டன. அவற்றின் விசை இரு கட்டமாக இயங்குவது. போர்க்களப் பதற்றத்தில் தவறி வெடிக்காதபடி அமைந்தது. வேட்டைக்காரர்கள் விரும்பியதோ சுமார் 3 முதல் 4 பவுண்டு அழுத்தத்தில் விடுபடும் விசை. கம்மியர் பல்லின் முகத்தை நுண்கல்லால் தீட்டி, அது பற்றும் ஆழத்தைக் குறைத்தார்.

இதில் ஆபத்தும் இருந்தது. அத்தகைய உறுப்புகள் பலவற்றில் எஃகின் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அம்மெல்லிய படலம் தேய்ந்துவிட்டால் உள்ளிருக்கும் மென்மையான உலோகம் விரைவில் தேய்ந்து, பல் தானே நழுவக்கூடும். ஆகவே தோட்டா இல்லாத துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தட்டியும், பூட்டை வேகமாக மூடியும் சோதித்த பிறகே கம்மியர் அதைத் திருப்பித் தருவார்.

தொழிற்சாலை விசைகள்

1946இல் ஆலன் டிம்னி தொடங்கிய நிறுவனம், பழைய விசையைக் கழற்றிவிட்டுப் பொருத்தும் மாற்று விசைகளை விற்றது. ரெமிங்டன் நிறுவனம் 1948இல் மைக் வாக்கர் வடிவமைத்த, திருகுகளால் சரிசெய்யக்கூடிய விசையை வெளியிட்டது. உள்ளே அழுக்கு சேர்ந்தால் அது தொடாமலே வெடிக்கும் எனப் பின்னாளில் வழக்குகள் எழுந்தன. நிறுவனம் குறையை மறுத்தது; பராமரிப்பின்மையையும் உரிமையாளர்கள் செய்த மாற்றங்களையும் காரணம் காட்டியது. அதன் அடுத்த வடிவமான எக்ஸ்-மார்க் புரோ விசை கொண்ட துப்பாக்கிகளை 2014இல் திரும்பப் பெற்றது.

2000களின் தொடக்கத்தில் சாவேஜ் நிறுவனம் கொண்டுவந்த அக்யூடிரிகரில், விசையின் நடுவே உள்ள மெல்லிய தகட்டையும் சேர்த்து அழுத்தினால்தான் துப்பாக்கி வெடிக்கும். அதனால் விசையின் அழுத்தத்தை உரிமையாளரே அச்சமின்றிக் குறைத்துக்கொள்ள முடிந்தது. பழைய துப்பாக்கிகளுக்கோ கம்மியரின் நுண்கல்லும் தட்டிப் பார்க்கும் சோதனையுமே இன்றும் காவல்.