சோழவரம் ஓடுதளமும் வீட்டு ஷெட்டும்

தமிழ்நாட்டு மோட்டார் பந்தய வரலாறு கோப்பை வாங்கியவர்களின் வரலாறாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன், 2010இல் அதே களத்துக்குப் போன கருண் சந்தோக் என்று இரண்டு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். அவர்களுக்கு முன்னால் பல பத்தாண்டுகள் இங்கே ஓடிய கார்கள் என்ன ஆயின, அவற்றை ஓட வைத்தவர்கள் யார் என்று கேட்பவர்கள் குறைவு. என் பார்வையில் அந்தக் கேள்விக்குள்தான் உண்மையான வரலாறு இருக்கிறது. சொந்தமாகப் பந்தயக் கார் செய்யும் திறமை இந்த மண்ணுக்கு வந்தது, பழைய காரை மறுபடி மறுபடி பிரித்துப் பூட்டிய வீட்டு ஷெட்டுகளில் இருந்து. இதை மிகைப்படுத்திய பேச்சு என்று நினைப்பவர்களுக்காகவே சான்றுகளை வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. அதே 1953இல்தான் மத்திய அரசின் சுங்கவரி ஆணையம், உள்நாட்டிலேயே உதிரிபாகம் செய்யும் திட்டம் இல்லாத கார் கம்பெனிகளுக்கு இனி இங்கே இடமில்லை என்று பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அத்தோடு கடையைக் கட்டின. பந்தயத்துக்கு ஒரு சங்கம் பிறந்த நேரத்தில் பந்தயத்துக்கு ஏற்ற காரை வெளியிலிருந்து கொண்டுவரும் வழி அடைபடத் தொடங்கியது. எஞ்சியவை முக்கியமாக மூன்று வகை: 1089 சிசி ஃபியட், 1489 சிசி அம்பாசிடர், சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த 948 சிசி ஹெரால்டு. மூன்றும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகச் செய்த கார்கள். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போரில் விமானத்துக்காகப் போட்ட சோழவரம் ஓடுதளத்தில் பெரும்பாலும் இவைதான் சீறிப் பாய்ந்தன. பம்பாய், கல்கத்தா, பெங்களூர், கோவை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தை 1934 முதலே நடத்திப் பழகிய இலங்கையிலிருந்தும் வந்தார்கள். ஆனால் புதுப் பந்தயக் காரை விலைக்கு வாங்கி வர நினைத்தவருக்கு இந்தியாவில் கடையே கிடையாது. இருப்பதைத் திருத்து, அல்லது வீட்டில் உட்கார்.

அந்தத் திருத்தும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஹெரால்டு கார் ஷெட்டுக்காகவே பிறந்தது போன்றது. அதன் பானெட் முன்சக்கர மட்காடோடு சேர்ந்து முழுசாக முன்னால் கவியும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் கை வைக்கலாம். சேஸி தனி, பாடி தனி. பாடியைக் கழற்றிவிட்டு எடை குறைந்த வேறு உடம்பை அதன் மேல் மாட்ட முடியும். எஞ்சினில் வேகம் ஏற்ற முதல் வழி, சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சீவுவது. எரியும் இடம் சுருங்கும், அழுத்தம் கூடும், இழுவை கிடைக்கும். ஆனால் அன்றைய பெட்ரோலின் ஆக்டேன் தரம் குறைவு. ஒரு மயிரிழை கூடுதலாகச் சீவினால் எஞ்சின் தட்டத் தொடங்கி, பிஸ்டன் தலை உருகும். எவ்வளவு சீவலாம் என்பதை ஒரு புத்தகமும் சொல்லித் தராது, ஏனென்றால் அந்தப் புத்தகங்கள் வேறு நாட்டுப் பெட்ரோலுக்கு எழுதியவை. முழு வேகத்தில் ஓட்டிப் போய், அங்கேயே எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் உருட்டி நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டித் திரும்பி வந்தால் பிளக் பொய் சொல்லும். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை. கரி படிந்திருந்தால் மிஞ்சுகிறது. பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கார்புரேட்டரின் ஜெட் சரி. மாசிப் பனிக்காலைக்கு வைத்த ஜெட் மத்தியான வெயிலுக்கு ஒத்துவராது, மறுபடி மாற்ற வேண்டும். இப்படி நூறு முறை பார்த்துப் பார்த்து ஏறிய அறிவை வெறும் ரிப்பேர் என்று எப்படி ஒதுக்குவது?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. திறமை ஷெட்டில் இருந்து வரவில்லை, பெரிய ஆலைகளில் இருந்து வந்தது என்பார்கள். சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலேயே தொடங்கிவிட்டது. அறுபதுகளில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்று சென்னையின் பாடிப் பகுதியைச் சுற்றி ஒரு தொழில் உலகமே எழுந்தது. கோவையில் வார்ப்படப் பட்டறைகளும் பம்பு ஆலைகளும் தெருத்தெருவாக இருந்தன. இவை இல்லாமல் எந்த ஷெட்டும் ஓடியிருக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆலை செய்த பிஸ்டனும் பிரேக் லைனிங்கும் சாதாரண ரோட்டுக்கான அளவு, ரோட்டுக்கான சுமை. அதையே இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றவிட்டால் எது முதலில் உடையும் என்பது ஆலைக்குத் தெரிய வேண்டிய அவசியமே அன்று இல்லை. கார் வாங்குபவர்கள் எப்படியும் வரிசையில் பல வருடம் காத்திருந்தார்கள். உடைந்ததைக் கையில் எடுத்து, ஏன் உடைந்தது என்று யோசித்தவன் ஷெட்டுக்காரன். ஆலை பொருளைக் கொடுத்தது, அதன் எல்லை எங்கே என்று ஷெட் கண்டுபிடித்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அடுத்த கட்டம் பிறந்தது.

அந்த அடுத்த கட்டத்துக்குக் கோவையின் எஸ். கரிவரதனே சாட்சி. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர், தானே பந்தயம் ஓட்டியவர். 1983இன் கடைசியில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே மூட்டையாக முன்சக்கரங்களுக்கு நடுவில். பழைய கார்களைக் கழற்றிப் பழகிய கண்ணுக்கு அந்த மூட்டை வேறு விதமாகத் தெரியும்: அப்படியே தூக்கி ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லாமலே பின்சக்கரத்தைச் சுழற்றலாம். குழாய்களைப் பற்றவைத்த சட்டம், ஃபைபர் உடம்பு, ஒற்றை இருக்கை; கரிவரதன் செய்த ஃபார்முலா மாருதி இதுதான். சிற்றூர்களில்கூட உதிரிபாகம் கிடைக்கும் ஒரு எஞ்சினைச் சுற்றி அமைந்ததால், ஓட்டுபவர் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கக் கூடியதாக இருந்தது. 1990இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறந்தது. நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமும் ஃபார்முலா மாருதியில்தான். 1995இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரை வைத்தார்கள். மிகப் பொருத்தமான மரியாதை.

பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு இத்தனை வரலாறு எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எண்பதுகளில் தொழிலதிபர் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் ஓட்டினார். பக்கத்தில் ஃபியட்காரர் என்ன செய்ய முடியும்? ஓட்டியவர்கள் பட்டியலில் மில் முதலாளிகளும் சமஸ்தான வாரிசுகளும் இருப்பது உண்மை. ஆனால் காருக்கு அடியில் படுத்திருந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ராத்திரி முழுக்க வால்வு கிரைண்டிங் செய்து, விடிவதற்குள் பேக்கிங் வைத்து ஹெட்டை முறுக்கியவர்களின் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படவில்லை. ஓட்டியவரை மட்டும் எழுதினால் அது பணக்காரர் கதையாகத்தான் இருக்கும். வேலை செய்தவரையும் எழுதினால் அது ஒரு தொழிலின் வரலாறு.

அப்படி எழுத நினைப்பவருக்குப் பழைய காரே ஆவணம். அதில் ஒரு சிக்கல். பிஸ்டன் மாற்றி, லைனர் மாற்றி, பாடியும் மாற்றிய பிறகு அது அதே கார்தானா என்கிறார்கள் சிலர். தூத்துக்குடித் தோணியைக் கேட்டால் பதில் கிடைக்கும். இற்றுப்போன பலகையை எடுத்துப் புதுப் பலகை வைத்து, இடுக்குகளை அடைத்துக் கலப்பத்துப் பார்த்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அது வேறு தோணி என்று யாரும் சொன்னதில்லை. பந்தயக் காருக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அது ஓடிய காலத்திலேயே ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாறிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்கே அதைத் திருப்புவதுதான் பொய். சோழவரத்தில் ஓடிய ஹெரால்டுக்குப் பளபளவென்று ஷோரூம் நிறமடித்து நிறுத்தினால், சீவிய ஹெட்டும் தாழ்த்திய பின் ஸ்பிரிங்கும் போய்விடும். அந்தக் காரின் வரலாறே அவைதான்.

அதே தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளம், மணப்பாடு, பெரியதாழைப் பக்கம் பழைய காரை ஷெட்டில் வைத்திருப்பவருக்கு உப்புக் காற்று ஒரு எதிரி என்றால், இப்போது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு எதிரி. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸைத் தின்னும். ஓட்டாமல் நிறுத்தும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும், பிரேக் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். கழற்றிய பழைய ஜெட்டையும் பிஸ்டனையும் காயலான் கடைக்குப் போடாமல், அளவும் ஆண்டும் எழுதிய சீட்டோடு கட்டி வைக்க வேண்டும். வேலை பார்த்தவரின் பெயரையும் அதே சீட்டில் எழுத வேண்டும்.