தொடுமுனை இரைச்சலும் டேவிட் ஹியூஸின் 1879ஆம் ஆண்டு ஆய்வும்

மின்சுற்றொன்றைத் துண்டிக்கும் கணத்தில் சாவியின் தொடுமுனைகளுக்கிடையே தீப்பொறி தோன்றும். கம்பி நீளமாயின் பொறி வலுக்கும் என்பதை அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி 1832இல் பதிவு செய்தார். மின்னோட்டம் திடீரெனத் தடைப்படும்போது சுருளின் காந்தப்புலம் சரிந்து, மின்கலத்தினும் பன்மடங்கு உயர்ந்த மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. தன்தூண்டல் என வழங்கப்பெறுவது இதுவே. பொறி தொடுமுனைகளை அரித்தமையால் அது தொல்லையாகவே கருதப்பட்டது. 1853இல் ஃபிசோ, தூண்டுசுருளின் துண்டிப்பானுக்குக் குறுக்கே மின்தேக்கியை இணைத்து அதனைத் தணித்தார்.

அத்தொல்லையைச் செவியால் பின்தொடர்ந்தவர் லண்டனில் வாழ்ந்த டேவிட் எட்வர்ட் ஹியூஸ். 1879இல் தூண்டல் தராசு என்னும் கருவியைக் கையாளுகையில், தளர்ந்த இணைப்பொன்றினால் தொலைபேசிச் செவிக்கருவியில் காரணம் விளங்கா ஒலி எழுந்தது. வேறொருவராயின் இணைப்பை முறுக்கிவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்திருப்பர். ஹியூஸோ கடிகார விசையால் இயங்கும் துண்டிப்பானைச் சுருளுடன் இணைத்து வீட்டில் ஓடவிட்டு, நுண்ணொலிவாங்கித் தொடுமுனையையும் செவிக்கருவியையும் ஏந்தியவாறு கிரேட் போர்ட்லண்ட் தெருவில் நடந்தார். முதல் 60 கெஜம் வரை ஒலி கூடிற்று. பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து, 500 கெஜத்தில் கேட்கிறதா என்பதே ஐயமாயிற்று. சில வீடுகளுக்கு எதிரே ஒலி நன்கு கேட்டது; வேறு சிலவற்றுக்கு எதிரே அரிதாகவே கேட்டது.

1880 பிப்ரவரியில் ராயல் சொசைட்டியின் தலைவர் ஸ்பாட்டிஸ்வுட், செயலாளர்கள் ஹக்ஸ்லி, ஸ்டோக்ஸ் ஆகியோர் இச்சோதனைகளை நேரில் கண்டனர். அனைத்தும் அறியப்பட்ட மின்காந்தத் தூண்டலே என்பது ஸ்டோக்ஸின் முடிவு. இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. தூண்டல் விளைவு தொலைவு கூடக்கூட விரைந்து தேய்வது. ஒலி முதலில் கூடியதையும், இடத்துக்கிடம் கூடிக் குறைந்ததையும் அது விளக்காது. எனினும் பிழை ஒருவர் பக்கம் மட்டுமே இருந்ததெனல் பொருந்தாது. மாக்ஸ்வெல் 1865இலேயே வெளியிட்டிருந்த மின்காந்த அலைக் கோட்பாட்டோடு தம் அளவீடுகளை இணைத்துக் காட்டும் கணிதப் பயிற்சி ஹியூஸுக்கு இல்லை. மனம் தளர்ந்த அவர் கட்டுரை எதனையும் வெளியிடவில்லை. 1887-88இல் ஹெர்ட்ஸ் தீப்பொறி கொண்டே மின்காந்த அலைகளை ஐயமற நிறுவினார்.

ஹியூஸின் சோதனைகள் பற்றிய விரிவான செய்தி, ஃபாஹிக்கு அவர் 1899இல் எழுதிய கடிதத்தால் வெளிவந்தது. ஹெர்ட்ஸ், மார்க்கோனி ஆகியோரின் வெற்றிகளுக்குப் பின், இருபது ஆண்டு கடந்து எழுதப்பட்டதாகலின், அக்கடிதத்தைத் தனிச்சான்றாகக் கொள்ளுதல் தகாது. சோதனைக் காலத்தில் அவர் எழுதிய குறிப்பேடுகள் எஞ்சியிருப்பதனாலேயே அது வலுப்பெறுகிறது.